புரூஜ் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை: ராத்திரி பார்ஜ், பகலில் சைக்கிள்

வெண்ணாறு எழுதியது:

செப்டம்பரில் நானும் வீட்டம்மாவும் பெல்ஜியத்தின் புரூஜில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கினோம். எட்டு நாள், ஏழு ராத்திரி. படுக்கை, காலை மாலைச் சாப்பாடு எல்லாம் ஒரு பார்ஜில். அந்தக் காலத்தில் நிலக்கரியும் தானியமும் ஏற்றிய சரக்குப் படகை அறை தடுத்து மாற்றியிருக்கிறார்கள். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாம் கரையோரம் கிளம்பிவிட வேண்டியது. பார்ஜ் தன் பாட்டுக்குக் கால்வாயிலும் ஆற்றிலும் போய் அடுத்த ஊரில் கட்டிக் கிடக்கும். பெட்டியை ஒரே ஒரு தடவைதான் பிரிக்கிறோம், அது பெரிய சுகம். போவதற்கு முன் தமிழில் தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவு, முப்பத்திரண்டு வருஷம். வயது 64, இடது முட்டி தகராறு. வீட்டம்மா கல்லூரியோடு சைக்கிளை விட்டவள், பேட்டரி சைக்கிளில் வந்தாள்.

இதே பாதையை ஆம்ஸ்டர்டாமிலிருந்து தெற்கு நோக்கியும் ஓட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் புரூஜில்தான் தொடங்க வேண்டும். 1134-இல் ஒரு புயல் கடலைக் கிழித்து உள்ளே விட்டது. ஸ்வின் என்ற அந்தக் கழிமுகம்தான் புரூஜுக்குக் கப்பலைக் கொண்டுவந்தது. பிறகு அது தூர்ந்தது. எங்கள் துறையில் வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக்காரன் மனு கொடுப்பான். இங்கே ஐரோப்பாவின் பெரிய சந்தை ஒன்றே இடம் பெயர்ந்துவிட்டது. 1500 வாக்கில் வியாபாரிகள் ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டார்கள். 1585-இல் ஸ்பெயின் படை ஆன்ட்வெர்ப்பைப் பிடித்தது, வடக்கே இருந்த டச்சுக்காரர்கள் ஷெல்ட் ஆற்றின் வாயை அடைத்துவிட்டார்கள். பணம், நெசவாளி, அச்சுக்காரன், வைரம் பட்டை தீட்டுகிறவன் என்று ஒரு கூட்டமே ஆம்ஸ்டர்டாமுக்கு நடையைக் கட்டியது. அந்தப் பணம் இருநூறு வருஷத்தில் போன திசையில்தான் இந்தப் பார்ஜ் ஒரு வாரத்தில் போகிறது. எதிர்த் திசையில் வந்தால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

---

பெடல்_பிரியன் எழுதியது:

சார், ஒரு நாளைக்கு எவ்வளவு கிலோமீட்டர்? விளம்பரத்துல 30லேர்ந்து 55னு போட்டிருக்கு. நாங்க ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல மாமல்லபுரம் போயி, இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம். அங்க மேடே கிடையாதாமே. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு மிச்ச நேரம் என்ன பண்றது? சொந்த வண்டி கொண்டு போகலாமா?

---

வெண்ணாறு எழுதியது:

தம்பி, மேடு இல்லைதான். ஆனால் காற்று இருக்கிறது. நெதர்லாந்தின் டோலன் பக்கம் கரைமேல் ஏறினால் மறைக்க ஒரு மரம் கிடையாது. மேற்கிலிருந்து எதிர்க்காற்று அடித்த அன்று மணிக்கு 10 கி.மீ. தாண்டவில்லை. மலையாவது ஏறினால் இறக்கம் வரும். காற்றுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது.

சொந்த வண்டி வேண்டாம். கொடுக்கிற வண்டி ஏழு கியர், நிமிர்ந்து உட்காரும் ரகம், கல் பாவிய தெருவுக்கு அதுதான் சரி. உங்கள் மெல்லிய டயரோடு புரூஜ் தெருவில் ஓட்டினால் பல் ஆடும். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் பின்பக்கமாக மிதித்தால்தான் பின் பிரேக். நம் ஊர்ப் பழக்கத்தில் சிக்னலில் நின்றதும் பெடலைப் பின்னால் சுற்றி வாகாக வைப்போமே, அந்தக் கை... மன்னிக்கவும், அந்தக் கால் பழக்கம் முதல் நாள் சதி செய்யும். நானும் ஒரு இடத்தில் லேசாகச் சறுக்கினேன், பெரிதாக ஒன்றுமில்லை.

நேரம் எங்கே போகும் என்று கேட்டீர்கள். புரூஜிலிருந்து டாமே ஏழு கிலோமீட்டர்கூட இல்லை, எங்களுக்கு ஒரு முழு முற்பகல் ஆனது. நெப்போலியன் உத்தரவில், ஸ்பெயின் போர்க் கைதிகளை வைத்து வெட்டிய கால்வாய். நேர்க்கோடு. இரண்டு பக்கமும் நெட்டை பாப்லர் மரங்கள், கடல் காற்றில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. புரூஜுக்கு வந்த கப்பல்கள் சரக்கை மாற்றிய துறைமுகம் டாமே. இன்று அங்கே கப்பல் கிடையாது, கடலும் கிடையாது. வயலுக்கு நடுவே ஒரு பெரிய நகர மண்டபம் தனியாக நிற்கிறது.

---

கந்தோர்_மாமா எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தான், இஞ்ச நெதர்லாந்திலை, உத்ரெக்ட்டிலை முப்பது வருசமா இருக்கிறன். ஐயா நல்லா எழுதியிருக்கிறியள். வாற ஆக்களுக்கு சில விசயம் சொல்லுறன்.

வழி தேடப் பயப்பிடாதேங்கோ. இஞ்ச சந்திக்குச் சந்தி ஒரு நம்பர் போட்ட பலகை நிக்கும். காலமை கடதாசியிலை 23, 41, 08, 67 எண்டு எழுதி ஹாண்டிலிலை ஒட்டிவிட்டா, நம்பரைப் பாத்துப் பாத்துப் போகலாம். பெல்ஜியத்திலை நீலப் பலகை, இஞ்சால் பக்கம் பச்சை. இதைக் கண்டுபிடிச்சவர் ஹூகோ போலன் எண்ட ஒரு பெல்ஜியச் சுரங்க எஞ்சினியர். சுரங்கத்துக்குள்ளை சந்திகளுக்கு நம்பர் போடுறமாதிரி மேலையும் போட்டா என்ன எண்டு யோசிச்சவர். 1995-லை பெல்ஜியத்தின்ரை லிம்பர்க் மாகாணத்திலை தொடங்கினது, பேந்து நெதர்லாந்து முழுக்கப் பரவீட்டுது.

றோட்டிலை வெள்ளை முக்கோணம் வரிசையாக் கீறியிருந்தா அதுக்குப் பேர் சுறாப்பல்லு. பல்லு உங்களைப் பாத்துக்கொண்டிருந்தா நீங்கள்தான் நிக்கோணும். பல்லும் பலகையும் ஒண்டும் இல்லாத சந்தியிலை வலப்பக்கத்தாலை வாறவனுக்கு வழி விடோணும். ஃபோனைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓட்டினா குற்றம், 2019 யூலையிலை இருந்து சட்டம். அதோடை, சைக்கிள் பாதையிலை நடுவிலை நிண்டு படம் எடுக்காதேங்கோ. இஞ்சத்தைச் சனம் நல்ல சனம், ஆனா சைக்கிளிலை ஏறினா வேறை ஆக்கள்.

---

தயிர்சாதம் எழுதியது:

மூன்று கேள்வி. நான் முட்டைகூடத் தொடமாட்டேன், ஒரு வாரம் எப்படி? அறைக்குள்ளேயே டாய்லெட் உண்டா? தனியாக வரும் பெண்ணுக்குச் சரிப்படுமா? வயது 51.

---

வெண்ணாறு எழுதியது:

டாய்லெட் முதலில். அறைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அறை என்பது ரயில் முதல் வகுப்புக் கூபேயில் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் ஒருவர் நின்றால் மற்றவர் கட்டிலில் உட்கார வேண்டும். ஜன்னல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. காலையில் கண் விழித்தால் ஒரு வாத்து நம் கண்ணுக்கு நேரே நீந்திக்கொண்டிருக்கும். ஷவரில் குனிய வேண்டியிருந்தது, நான் ஐந்தடி எட்டங்குலம்தான். லாக்கு என்பது கால்வாயில் நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்க இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. பழைய பிரெஞ்சு லாக்குகளுக்கு என்று 1879-இல் ஒரு அளவு நிர்ணயித்தார்கள். அதன்படி படகு 38.5 மீட்டர் நீளம், 5.05 மீட்டர் அகலம். எங்கள் பார்ஜும் அந்த அளவுக்குள் அடங்கியது. ஐந்து மீட்டர் அகலத்தில் இந்தப் பக்கம் ஒரு அறை, அந்தப் பக்கம் ஒரு அறை, நடுவில் நடை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தோம். ராத்திரி சூப், வறுத்த காய்கறி, பாஸ்தா, ஒரு நாள் பருப்பு மாதிரி ஏதோ ஒன்று. பருப்பு என்று நம்பிச் சாப்பிட்டால் பருப்புதான். மதியத்துக்குக் காலை மேசையிலேயே ரொட்டியும் சீஸும் எடுத்து நாமே சாண்ட்விச் செய்து, தாளில் சுற்றிக் கேரியர் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் புளிக்காய்ச்சலும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோனோம். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு டென்மார்க் தம்பதி ஊறுகாய்க்காகவே எங்கள் மேசைக்கு வந்தார்கள்.

உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பெல்ஜியத்தில் பொரித்த உருளைக்கிழங்கு பிரமாதம், ஆனால் பல கடைகளில் வழக்கப்படி மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். பாரம்பரிய கௌடா சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைப்பொருள் இருக்கும். ஆறுதல்: பெல்ஜியத்தின் கென்ட் ஊரில் 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாள் என்றே வைத்திருக்கிறார்கள். சைவ ஓட்டலுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.

தனியாக இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள், ஒருவருக்கு 70 தாண்டியிருக்கும். கூட்டத்துக்கு ஒரு வழிகாட்டி முன்னால் போவார், கடைசியில் ஒருவர் மஞ்சள் உடுப்பு போட்டு வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. ஒற்றை அறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, அது கொஞ்சம் கடிக்கும்.

---

சிக்கனம் எழுதியது:

எல்லாம் சரி. ஆளுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல, விமானம் தனி, விசா தனி. ரயில் பிடிச்சா புரூஜ்லேர்ந்து கென்ட் அரை மணி நேரம். ஆன்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் ரயில்லயே முடியும். சைக்கிள் எல்லா ஊர்லயும் வாடகைக்குக் கிடைக்குது. அப்புறம் எதுக்கு இந்த வாத்து பாக்கற வேலை?

அதுவும் புரூஜ் போயிருக்கேன். ஊர் இல்ல அது, பொம்மைக் கடை. சாக்லேட் கடை, லேஸ் கடை, வாஃபிள் கடை, திரும்ப சாக்லேட் கடை. குதிரை வண்டியில சுத்தற கூட்டம். ஊர்க்காரன் ஒருத்தனையும் பாக்கல. பாரம்பரியம்னு சொல்லி காசு கறக்கறாங்க.

---

வெண்ணாறு எழுதியது:

சிக்கனம் சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை புரூஜ் நீங்கள் சொன்ன மாதிரிதான். நாங்கள் காலை ஏழு மணிக்கு பெகைன்ஹோஃப் போனோம். கல்யாணமும் கட்டிக்கொள்ளாமல், கன்னியாஸ்திரி விரதமும் எடுக்காமல் பெண்கள் சேர்ந்து வாழ்ந்த வளாகம். வெள்ளைச் சுவர், நடுவில் மரம், ஒரு பூனை. வேறு ஆளே இல்லை. பதினொரு மணிக்கு அதே இடத்தில் கொடி பிடித்த கூட்டம் மூன்று நின்றது.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படத்தில் பார்ஜ் ஊர் நடுவே பழைய வீடுகளுக்குக் கீழே நிற்கும். நிஜத்தில் ஊருக்குள் இருக்கும் கால்வாயில் இவ்வளவு பெரிய படகு நுழையாது. எங்களை ஓர் ஊரில் கட்டியது ஒரு தானியக் கிடங்குக்குப் பக்கத்தில். விடியற்காலை நாலரைக்கு லாரி. கேட்டால் கட்டுமிடத்தைத் துறைமுகத்தார்தான் ஒதுக்குகிறார்கள் என்றார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விசாரித்ததில் எல்லோர் கதையும் இதுதான்.

ஆனால் ரயிலில் போனால் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அதற்காகவே இந்தப் பதிவு.

மூன்றாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. வீட்டம்மா கூட்டத்தோடு போய்விட்டாள், நான் படகிலேயே தங்கினேன். கென்டுக்குத் தெற்கே மெரல்பேகேயில் ஒரு லாக்கு. அதுவரை கால்வாய், தண்ணீர் சட்டியில் வைத்த மாதிரி அசையாது. பார்ஜ் உள்ளே நுழைந்தது, பின்னால் கதவு மூடியது. டெக்கில் இருந்த பெண் கயிற்றைக் கரைக் குமிழில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். கட்டவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: கட்டினால் தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். மதகு திறந்து மூடும் எங்கள் லஸ்கர்களுக்குச் சொல்ல வேண்டாத பாடம்தான், ஆனால் நான் லாக்குக்குள் நின்று பார்த்தது அன்றுதான். தண்ணீர் இறங்க இறங்கப் பாசி படிந்த ஈரச் சுவர் நம்மைச் சுற்றி எழும்புகிறது, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி வானம் சின்னதாகிறது. பிறகு முன் கதவு திறந்தது. அந்தப் பக்கம் தண்ணீருக்கு நிறமே வேறு. பழுப்பு, சுழி, ஓட்டம். ஆற்று வழியே கடல் அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அதன் ஏற்றவற்றம் அந்தக் கதவு வரை வந்து முட்டுகிறது. கதவைத் தாண்டினால் கடல் சொன்ன நேரத்துக்குத்தான் எல்லாம். அன்று கேப்டன் கிளம்பிய நேரம்கூட ஓதப் (ஏற்றவற்றப்) பட்டியலைப் பார்த்துத்தான்.

அன்று ராத்திரி சின்ட் அமாண்ட்ஸில் கட்டினோம். ஷெல்ட் ஆறு பெரிதாக வளைகிற இடம், கரையில் பெல்ஜியக் கவிஞர் வெர்ஹேரனின் சமாதி, கருங்கல். சாயங்காலம் மிதவையிலிருந்து கரைக்குப் போகும் பாலம் ஏறக்குறைய மட்டமாக இருந்தது. காலையில் பார்த்தால் அதே பாலம் ஏணி மாதிரி நிற்கிறது, ஆற்றின் இரண்டு ஓரமும் பளபளவென்று சேறு. ஆன்ட்வெர்ப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஐந்து மீட்டர் வித்தியாசம். இருபது பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பாலத்தில் ஏறினோம்.

மறுநாள் ரூப்பல்மொண்டே வழியாக ஆன்ட்வெர்ப். வரைபடக்காரர் மெர்கேட்டர் 1512-இல் பிறந்த ஊர் அது, ஓதத்தில் ஓடும் மாவு ஆலை ஒன்று இன்னும் இருக்கிறது. அதைத் தாண்டி க்ரைபேக்கே. எங்கள் துறைக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். 1976 ஜனவரியில் புயல் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்த பிறகு போட்ட திட்டத்தில் வந்தது. ஆற்றை ஒட்டிய கரையை வேண்டுமென்றே தாழ்வாக விட்டிருக்கிறார்கள். உள்ளே தள்ளி உயரமாக இன்னொரு கரை. நடுவில் சுமார் 600 ஹெக்டேர் காலி. கடல் பொங்கி வரும்போது தண்ணீர் தாழ்ந்த கரை வழியே அங்கே வழிந்துவிடும், வற்றம் வந்ததும் மதகு வழியாகத் திரும்ப ஆற்றுக்கே. கரையை உயர்த்திக்கொண்டே போகிறவர்களைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். சைக்கிளை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நின்றேன். கூட்டம் போய்விட்டது, மஞ்சள் உடுப்புக்காரர் மட்டும் பொறுமையாகப் பக்கத்தில் நின்றார்.

ரயில் இதற்கெல்லாம் மேலே பாலத்தில் போய்விடும் சார்.

---

சிக்கனம் எழுதியது:

சரி சார். காசு இன்னும் ஜாஸ்திதான். ஆனா அந்த ஏணிப் பாலத்தைப் பாக்கணும்.

---

பழைய_அச்சு எழுதியது:

ஆன்ட்வெர்ப்பில் பிளான்டின் மொரேடஸ் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டீர்களா? வெண்ணாறு சார் சொன்ன கதையின் சாட்சியே அந்த வீடுதான். கிறிஸ்டோஃப் பிளான்டின் 1555-இல் தொடங்கிய அச்சகம். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு எந்திரங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன, 1600 வாக்கில் செய்தவை. எபிரேயம், கிரேக்கம், சிரியாக் எழுத்தெல்லாம் கோத்து எட்டுப் பாகமாகப் பன்மொழி விவிலியம் அச்சடித்தார்கள், 1568 முதல் 1572 வரை. ஊரில் சண்டை முற்றியதும் பிளான்டினே 1583-இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு அச்சுக்காரராகப் போனார். இரண்டு வருஷத்தில் அவர் திரும்பிவிட்டார், லெய்டன் கடையை மருமகன் பார்த்துக்கொண்டார். யுனெஸ்கோ 2005-இல் அந்த வீட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லெய்டன் என்றதும் நமக்கு அங்கே போய்ச் சேர்ந்த சோழர் செப்பேடு ஞாபகம் வரும். அதற்குப் பக்கத்து டெல்ஃப்டும் நமக்கு அந்நியமில்லை. 1632-இல் அங்கே பிறந்த பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியாராக யாழ்ப்பாணத்தில் இருந்து, திரும்பி வந்து மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் பெரிய புத்தகம் போட்டார். அதில் தமிழ் எழுத்துகளைச் செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள், பெயர் மட்டும் மலபார் மொழி. பார்ஜ் டெல்ஃப்ட் பக்கம் போகாது. பயணம் முடிந்தபின் ஒரு நாள் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

---

கந்தோர்_மாமா எழுதியது:

ஒல்லாந்தரைப் பற்றிக் கதை வந்திட்டுது, இனி நான் சும்மா இருக்கேலாது.

இஞ்ச வந்த புதிசிலை வேலை கேட்டு ஒரு கட்டிடத்துக்குப் போனன். வாசல் பலகையிலை கந்தோர் எண்டு கிடக்கு! கான்டோர் எண்டுதான் சொல்லுவினம், அலுவலகம். எங்கடை அப்பா ஆயுள் முழுக்கக் கந்தோருக்குத்தான் போய் வந்தவர், நான் அது தமிழ்ச் சொல் எண்டே நினைச்சிருந்தன். என்ரை பேர் அப்பிடித்தான் வந்தது. மேசை இழுப்பறைக்கு நாங்கள் சொல்லுற லாச்சியும் இவையின்ரைதான், லாட்ஷ எண்டு சொல்லுவினம். உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான கக்கூசும் இவையின்ரை சொல்லுத்தான். அதை மட்டும் இஞ்ச ஆரிட்டையும் கேட்டிடாதேங்கோ, இப்ப அது மரியாதை இல்லாத கதை. துட்டும் இவையின்ரை பழைய செப்புக்காசு டயூட்டிலை இருந்து வந்தது எண்டு சொல்லுவினம்.

ஐயா, எங்கடை உத்ரெக்ட் பற்றி ஒண்டும் எழுதேல்லையே?

---

வெண்ணாறு எழுதியது:

வருகிறேன் மாமா. நடுவில் டோலன், டோர்ட்ரெக்ட் இருக்கிறதே. டோலனில் ஒரு சாயங்காலம்தான். 1953 பிப்ரவரி முதல் தேதி விடியற்காலை கடல் உடைத்துக்கொண்டு வந்து நெதர்லாந்தில் 1836 பேர் போன பகுதி அது. கரைமேல் சைக்கிள் ஓட்டும்போது ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தண்ணீரைவிடத் தாழ்வாக வீட்டுக் கூரை. மனது திக்கென்றது, சொல்லத்தான் வேண்டும்.

கிண்டர்டைக் காற்றாலைகளைப் பார்க்க டோர்ட்ரெக்ட்டிலிருந்து பயணிகள் படகில் சைக்கிளோடு ஏறினோம். 19 ஆலைகள், பெரும்பாலானவை 1738, 1740 வாக்கில் கட்டியவை. மாவு அரைக்க அல்ல, தண்ணீர் இறைக்க. உள்ளே பம்பு கிடையாது, மரத் துடுப்பு வைத்த பெரிய சக்கரம். வயல் வடிகாலிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள்தான் ஏற்றும், மேலே உள்ள தேக்கத்தில் விடும். ஆற்றில் மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து லெக் ஆற்றுக்கு. இப்போது அந்த வேலையைப் பெரிய திருகு பம்புகள் செய்கின்றன. ஆலைகளில் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஒரு ஆலைக்கு வெளியே கொடியில் துணி காய்ந்தது. ஆலைக்காரர் வீட்டில் சாவு என்றால் இறக்கையைச் சற்றுத் தாண்டவிட்டு நிறுத்துவார்கள், நல்ல காரியம் என்றால் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே நிறுத்துவார்கள். ஊர் முழுக்கத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளும்.

அங்கே வழிகாட்டியிடம் இதற்கெல்லாம் யார் பணம் என்று கேட்டேன். தண்ணீர் வாரியமாம். அதற்கென்று தனி வரி, நாலு வருஷத்துக்கு ஒரு முறை தனித் தேர்தல். நாடு முழுக்க 21 வாரியம். வடிகாலுக்குத் தனியாக ஓட்டு! எங்கள் பழைய கண்காணிப்புப் பொறியாளர் கேட்டால் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவார்.

உத்ரெக்ட்: மாமா ஊர்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. தெருவுக்குக் கீழே தண்ணீர் மட்டத்தில் இன்னொரு தெரு. படகிலிருந்து சரக்கை இறக்கி நேரே நிலவறைக்குள் உருட்டிவிடலாம், நிலவறை தெருவுக்கு அடியில் குடைந்து வீட்டோடு சேர்கிறது. தண்ணீர் மட்டம் நிலையாக நிற்காமல் இதெல்லாம் நடக்காது. தெற்கே வ்ரேஸ்வைக்கில் 1373-லேயே லாக்கு போட்டுவிட்டார்கள். இன்று அந்த நிலவறைகளில் காப்பிக் கடை. டோம் என்ற பெரிய தேவாலயத்தின் கோபுரம் 112 மீட்டர். அதற்கும் கோயிலுக்கும் நடுவே திறந்தவெளி. 1674 புயலில் நடு மண்டபம் விழுந்துவிட்டது, திரும்பக் கட்டவே இல்லை.

ஆம்ஸ்டர்டாம் எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டு முகட்டிலும் ஒரு உத்திரம், ஒரு கொக்கி. சரக்கு ஏற்ற. அதை மட்டும் பாருங்கள்.

---

தயிர்சாதம் எழுதியது:

விசா எந்த நாட்டில் போடணும்?

---

பெடல்_பிரியன் எழுதியது:

ஷெங்கன் விசாதான் மேடம், ராத்திரி எந்த நாட்டுல அதிகமோ அங்க போடணும். சமமா இருந்தா முதல்ல இறங்கற நாடு. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். நான் ஏப்ரலுக்குப் பாக்கறேன், டூலிப் சீசன். சார், அந்த "லேசா சறுக்கினது" எங்கன்னு சொல்லவே இல்லையே?

---

வெண்ணாறு எழுதியது:

(இது அவர் இல்லை, அவர் வீட்டுக்காரி. தூங்குகிறார்.)

லேசாகச் சறுக்கினாராம். டாமே கால்வாய்க் கரையில், முதல் நாள், அந்தப் பின்-மிதி பிரேக்கில் வண்டி நிற்க, இவர் நிற்காமல் செந்தட்டிப் புதருக்குள் போனார். கை இரண்டும் தடித்து, ராத்திரி முழுக்க அரிப்பு. கேப்டன் மனைவி வினிகர் கொடுத்தாள். முட்டி வீங்கினதும் அதனால்தான், காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்.

தனியாக வரலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: தாராளமாக வாங்கோ. எனக்குப் பயம் வந்தது ஒரே இடத்தில்தான். ஆன்ட்வெர்ப்பில் ஆற்றுக்கு அடியில் நடக்கவும் சைக்கிளுக்கும் ஒரு சுரங்கப்பாதை, 572 மீட்டராம், 1933-இல் திறந்ததாம். இறங்க அந்தக் காலத்து மர எஸ்கலேட்டர், கடகடவென்று சத்தம். எனக்கு மாலில் வெறுங்கையோடு ஏறவே நடுக்கம், இதில் சைக்கிளோடு. அந்த எழுபது வயதுப் பாட்டி என் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடி, வண்டி படியில் உட்காரும் என்று சைகையில் காட்டினாள். உட்கார்ந்தது. உள்ளே நீளமாக வெள்ளை ஓடு பதித்த குழாய், சில்லென்று. பெல் அடித்துக்கொண்டே போனேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. லிஃப்டும் இருந்ததாம், இவர் அதில்தான் வந்தார். அதையும் எழுதவில்லை பாருங்கள்.

பேட்டரி சைக்கிள் எடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். எதிர்க்காற்றில் இந்த எஞ்சினியரை மூன்று தடவை தாண்டிப் போனேன். ஆனால் அது கனம், ஏணிப் பாலத்தில் தள்ள ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று. டெக்கில் துணி காயப்போடக் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கிளிப் தரவில்லை. என் காட்டன் துப்பட்டா ஒன்று ஷெல்ட் ஆற்றோடு போயிற்று. வீட்டிலிருந்து கிளிப் ஒரு டஜன் எடுத்துப் போங்கள்.